மாட்டுக்கு என்ன ஊசி போட்டீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாறு கழுகுகள் அழிந்துவருவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் அவை கூடு கட்டுவதை அருமையாக எழுதியிருந்தார்கள். ஆனால் மாட்டுத் தொழுவத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வினை தொடங்கியதே அங்கேதான். மாடு வளர்க்கிறவன் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் சின்ன வயதில் ஊரில் மாடு செத்தால் ஓடைக்கரையில் இழுத்துப் போடுவார்கள். தோலை உரித்துக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் வானத்தில் ஒரு பாறு வட்டமடிக்கும். அப்புறம் பத்து, இருபது என்று இறங்கும். சாயங்காலம் ஆடு ஓட்டிக்கொண்டு திரும்பும்போது எலும்புதான் கிடக்கும், வாடைகூட இருக்காது. இன்று அதே இடத்தில் நாலு நாள் நாய்கள் இழுத்துக்கொண்டு கிடக்கின்றன. போன வருடம் அந்த நாய்களில் ஒன்று என் அண்ணன் பேத்தியின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. தடுப்பூசியின் ஒவ்வொரு தவணைக்கும் பஸ் ஏறி டவுனுக்கு அலைந்தோம்.

இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2024ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அந்தக் குழந்தையின் கால்தான் கண்முன் வந்தது. பாறுகள் நிறைய இருந்த மாவட்டங்களையும் முன்பே குறைவாக இருந்த மாவட்டங்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். பாறுகள் அழிந்ததால் 2000 முதல் 2005 வரை மட்டும் இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. நாய்கள் பெருகியதும் தண்ணீர் கெட்டதும் காரணங்களாம்.

இத்தனைக்கும் மூலம் டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி. அதைப் போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அந்த இறைச்சியைத் தின்றால் பாறுக்குச் சிறுநீரகம் போய்விடும். 2004லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவாக இந்த மருந்து இருந்தாலே இனம் அழியப் போதும். வருடத்துக்கு ஒரே முட்டை இடுகிற பறவை, இழந்ததை எப்படி ஈடுகட்டும்?

2006ல் இந்த ஊசியை மாட்டுக்குப் போடத் தடை வந்தது. ஆனாலும் மனிதர்களுக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போனது. என் பசுவுக்கு மடிநோய் வந்தபோது பையோடு வந்தவர் எடுத்ததும் அப்படி ஒரு குப்பிதான். அன்று எனக்கு விவரம் தெரியாது. பசு பிழைத்துக்கொண்டது. பிழைக்காத மாடுகள் எத்தனை ஓடைக்கரைக்குப் போயினவோ! இதைத் தடுக்க 2015ல் மனிதர்களுக்கான குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். அதை எதிர்த்த வழக்கில் 2017ல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த உத்தரவு சரி என்றது. பாறுக்குக் கெடுதலான வேறு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023ல்தான் மாட்டுக்குத் தடையாயின.

பாறுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் என்ற வலி மருந்து இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகும். அது எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். தடை செய்த மருந்துகளின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதிப் பால் சொசைட்டி வாசலில் ஒட்ட வேண்டும். காலையும் மாலையும் நாங்கள் கேனோடு வரிசையில் நிற்கிற இடம் அதுதான்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் வாசகர்,
சத்தியமங்கலம் வட்டாரம்