இல்லான் மெஸ்லியேவுக்கு, கொஞ்சம் தாமதமாக

அன்புள்ள தம்பி இல்லான்,

உங்கள் பிரெஞ்சில் 'து', 'வூ' என்று இரண்டு இருப்பதுபோல எங்களுக்கும் 'நீ', 'நீங்கள்' என்று இரண்டு உண்டு. முன்பின் பழகாதவருக்கு எழுதும்போது 'நீங்கள்' என்பதுதான் முறை. ஆனால் இத்தனை வருடமாகத் திரைக்கு முன் உட்கார்ந்துகொண்டு "டேய், வெளியே வராதே, அங்கேயே நில்லு!" என்று, லீட்ஸ் யுனைடெட் கால்பந்து அணியின் கோல்கீப்பராக நின்ற உன்னைப் பார்த்துக் கத்தியவன் நான். கத்தும்போது இல்லாத மரியாதை கடிதத்தில் மட்டும் எங்கிருந்து வரும்? அதனால் நீ.

2025 மார்ச் 29-ஆம் தேதி பற்றித்தான் எழுத வந்தேன். எங்கள் சொந்த மைதானமான எலண்ட் ரோடு, லீட்ஸ் – ஸ்வான்சி ஆட்டம். உனக்கு அந்த நாளை யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. எனக்குத்தான் அதை ஒழுங்காக நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இத்தனை நாள் நான் அதைப் பாதிதான் நினைவில் வைத்திருந்தேன்.

பிரீமியர் லீக்குக்கு அடுத்த படியில் இருக்கும் சாம்பியன்ஷிப் ஒரு விசித்திரமான லீக். 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டங்கள். முதல் இரண்டு இடம் பிடித்தால் நேராக பிரீமியர் லீக். அப்போது அடுத்த நான்கு அணிகள் பிளே-ஆஃப் என்கிற சூதாட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் வரை ஓடிவிட்டு, மூன்றாவதாக வந்தவன் ஆறாவதாக வந்தவனோடு சமமாக நிற்க வேண்டியிருந்தது. லீட்ஸ் ரசிகர்களுக்கு பிளே-ஆஃப் என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றில் புளி கரைக்கும். 2019-இல் பயிற்சியாளர் பியெல்சாவின் அணி எப்படிச் சரிந்தது என்பதை நீ கேள்விப்பட்டிருப்பாய், நீ வந்து சேர்ந்ததே அந்தக் கோடையில்தானே. புனித வெள்ளியன்று, 14-வது நிமிடத்திலேயே பத்துப் பேராகிவிட்ட விகனிடம் சொந்த மைதானத்தில் 2-1 தோல்வி. அடுத்து பிரெண்ட்ஃபோர்டிடம் தோல்வி. பிளே-ஆஃபில் டார்பியிடம் முதல் ஆட்டத்தை 1-0 என்று ஜெயித்துவிட்டு, எலண்ட் ரோட்டில் 4-2 என்று தோற்றார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை எங்களுக்குப் பழமொழி இல்லை, வருடாந்திர நிகழ்ச்சி.

2024-இல் நீயே உள்ளே இருந்தாய். புத்தாண்டுக்குப் பிறகு தோற்கவே மறந்துபோன அணி, கடைசி ஆறு ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றது. குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிடம் 4-0 தோல்வி. 90 புள்ளி எடுத்தும் மூன்றாவது இடம். வெம்ப்ளியில் பிளே-ஆஃப் இறுதியாட்டத்தில் சவுத்தாம்ப்டனிடம் 1-0 தோல்வி.

இதைச் சொல்லாமல் மார்ச் 29-ஐச் சொல்ல முடியாது. அன்று எலண்ட் ரோட்டில் உட்கார்ந்திருந்த முப்பத்தாறாயிரம் பேரும் அந்த ஆட்டத்தை மட்டும் பார்க்க வரவில்லை. விகனையும், டார்பியையும், வெம்ப்ளியையும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நானும்தான்.

பிரீமியர் லீக்குக்கு உன்னுடைய முதல் ஏற்றம் இப்படி இல்லை. 2020 பிப்ரவரி 29, ஹல் சிட்டி மைதானம். முதல் கோல்கீப்பர் தடை வாங்கி வெளியே உட்கார, உன்னை இறக்கினார்கள். உனக்கு இருபது வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது. 4-0 வெற்றி. அந்தப் பருவத்தில் நீ ஆடிய லீக் ஆட்டங்கள் பத்து, வாங்கிய கோல்கள் நான்கே. எல்லோரும் இதை இளமையின் துணிச்சல் என்று எழுதினார்கள். எனக்கு இப்போது வேறொன்று தோன்றுகிறது. அந்தப் பத்தில் எட்டு ஆட்டங்கள் கொரோனாவால் ஆளே இல்லாத மைதானங்களில் நடந்தவை. பதினாறு வருடக் காத்திருப்பின் முனகல் உன் காதில் விழவே இல்லை. உன் டிஃபெண்டர்களின் குரலும், பந்து உதைபடும் சத்தமும்தான். நாங்கள் இல்லாததுதான் அன்று உனக்கு நாங்கள் செய்த பெரிய உதவியோ என்னவோ.

2025-இல் நாங்கள் இருந்தோம். முழுசாக இருந்தோம்.

மேலே ஏறத் துடிக்கும் அணியின் கோல்கீப்பர் வேலை மாதிரி ஒரு கொடுமையான வேலை இல்லை. கீழ்மட்ட அணியில் நின்றால் ஒரு ஆட்டத்தில் பத்துப் பந்து வரும். ஒன்று போனாலும் ஒன்பதைப் பிடித்த பெயர் மிஞ்சும். உன் அணியிலோ பந்து முழுக்க எதிரணிப் பாதியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். வருகிற அணியெல்லாம் பத்துப் பேரைப் பின்னால் நிறுத்தி, ஒரு கார்னர், ஒரு ஃப்ரீ கிக் கிடைக்காதா என்று காத்திருக்கும். நீ ஆறரை அடி உயரத்தோடு அந்தப் பக்கம் தனியாக நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருப்பாய். அரை மணி நேரம் ஒன்றுமே வராது. பிறகு ஒன்று வரும். அது வரும்போது கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த அமைதி உனக்குக் கேட்கும் இல்லையா? கூச்சலை விட அதுதான் கெட்டது. 'இவன் விட்டுவிடுவான்' என்று ஒரு ஊரே நினைப்பதன் சத்தம் அது.

அப்படி நினைக்கக் காரணமே இல்லாமலில்லை. அக்டோபரில் சண்டர்லேண்டில் 97-வது நிமிடம், ஆலன் பிரவுன் சும்மா தூக்கிப் போட்ட பந்து தரையில் பட்டு உன்னைத் தாண்டி உள்ளே போனது. ஜெயித்துவிட்ட ஆட்டம் 2-2 ஆனது. ஜனவரியில் ஹல்லிடம் 3-1 என்று இருந்து 3-3. பிப்ரவரியில் ஷெஃபீல்ட் யுனைடெடுக்கு எதிராக முதல் கோலே உன் பெயரில் சொந்த கோலாக எழுதப்பட்டது. அன்று மற்றவர்கள் கடைசி இருபது நிமிடத்தில் மூன்று அடித்து 3-1 என்று மீட்டார்கள். மார்ச்சில் போர்ட்ஸ்மத்திடம் 1-0 தோல்வி, குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸோடு இரண்டு கோல் பின்தங்கி 2-2.

பிறகு ஸ்வான்சி.

முதல் நிமிடத்திலேயே எங்கள் பிரென்டன் ஆரன்சன் கோல். இன்று நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். இரண்டாம் பாதியில் ஒரு கார்னர், பந்து உன் கையில் நிற்கவில்லை, ஸ்வான்சியின் ஹாரி டார்லிங் உள்ளே தள்ளினார். 1-1. கடைசியில் எங்கள் நியோன்டோ மீண்டும் முன்னணி கொடுத்தார். 2-1. கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. 96-வது நிமிடத்தில் ஸ்வான்சியின் ஜான் விபோட்னிக் உதைத்த பந்து உன்னைத் தாண்டிப் போனது. 2-2.

அந்த இரவில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். எழுதியதை இங்கே திரும்ப எழுத மாட்டேன். சுருக்கமாக, உன்னை அடுத்த ஆட்டத்தில் பார்க்கக் கூடாது என்பது அதில் இருந்த நாகரிகமான பகுதி. பதினாறு பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது. பயத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டால் பாதி பயம் தீர்ந்துவிடுகிறது, அதுதான் காரணம். புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் ஷெஃபீல்ட் யுனைடெட் 83, நாங்கள் 81, பேர்ன்லி 81. ஏழு ஆட்டங்கள் மிச்சம். இந்த எண்களைத் திட்ட முடியாது. உன்னைத் திட்ட முடியும்.

ஏப்ரல் 5, லூட்டன் ஆட்டத்தில் பயிற்சியாளர் டேனியல் ஃபார்க்கே உன்னை உட்காரவைத்துவிட்டு மாற்றுக் கோல்கீப்பர் கார்ல் டார்லோவை இறக்கினார்.

இங்கே நான் உனக்குப் பொய் ஆறுதல் சொல்லப் போவதில்லை. அந்த முடிவு சரி. நார்விச்சை இரண்டு முறை சாம்பியன்ஷிப் ஜெயிக்க வைத்தவர் ஃபார்க்கே, ஏப்ரல் மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர். டார்லோ உன்னை விடத் திறமைசாலி என்பதால் அது சரியாகவில்லை. அவர் மேல் எங்களுக்குப் பழைய கோபம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஒரு கார்னர் வந்தால் கூட்டம் மூச்சைப் பிடிக்கவில்லை. முன்னால் நின்ற டிஃபெண்டர்கள் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. லூட்டனோடு 1-1 தான், அதிசயம் எதுவும் நடக்கவில்லை. அதன்பின் மிடில்ஸ்பரோ 1-0, பிரெஸ்டன் 2-1, ஆக்ஸ்போர்ட் 1-0. அழகான ஆட்டம் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த மூன்று புள்ளி. ஏழு ஆட்டங்களில் டார்லோ வாங்கியது மூன்றே கோல்.

ஆனால் முடிவு சரி என்பதும், நாங்கள் உன்னை நடத்திய விதம் சரி என்பதும் வேறுவேறு. அன்று எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன.

அந்த ஏப்ரலில் நடுக்கம் எங்களோடு மட்டும் இருக்கவில்லை என்பதையும் பார். 83 புள்ளியோடு உச்சியில் நின்ற ஷெஃபீல்ட் யுனைடெட் ஆக்ஸ்போர்டிடம், மில்வாலிடம், கடைசி வரிசையில் தத்தளித்த பிளிமத்திடம் என்று வரிசையாக மூன்று தோல்வி. அங்கே தவறு செய்து மாட்டிக்கொண்ட ஒற்றை ஆள் யாருமில்லை. மொத்த அணியும் சேர்ந்து உறைந்துபோனது. கடைசியில் வெம்ப்ளி இறுதியாட்டத்திலும் 95-வது நிமிடத்தில் சண்டர்லேண்டின் டாம் வாட்சன் அடித்த கோலில் அவர்கள் கனவு முடிந்தது. பயம் ஒரு ஆளின் கையில் வந்து உட்கார்ந்தால் ஆளை மாற்றலாம். பதினோரு பேரின் காலிலும் உட்கார்ந்தால் ஃபார்க்கேயாலும் ஒன்றும் செய்ய முடிந்திருக்காது.

ஏப்ரல் 21, ஈஸ்டர் திங்கள். ஸ்டோக்குக்கு எதிராக இடைவேளைக்கு முன்பே ஜோயல் பிரூ நான்கு கோல். 6-0. அன்று மாலை பேர்ன்லி ஷெஃபீல்ட் யுனைடெடை 2-1 என்று வென்றதும் இரண்டு அணிகளும் மேலே ஏறிவிட்டன. நான் அழுதேன் என்று எழுதினால் என் வீட்டில் சிரிப்பார்கள், ஆனால் எழுதிவிட்டேன்.

மிச்சமிருந்தது கோப்பை மட்டும். மே 3, பிளிமத். நாங்களும் பேர்ன்லியும் 97 புள்ளி. சொந்த கோல் ஒன்றால் பின்தங்கி, நியோன்டோ சமன் செய்து, 90 நிமிடம் தாண்டிய பிறகு மனோர் சாலமன் அடித்தார். 2-1. அங்கே பேர்ன்லியும் மில்வாலை வென்றிருந்தது. இருவரும் 100 புள்ளி. கோல் வித்தியாசத்தில் கோப்பை எங்களுக்கு.

இனிதான் நான் எழுத வந்த விஷயம்.

சில வாரங்களுக்கு முன் எதையோ தேடப் போய் ஸ்வான்சி ஆட்டத்தின் சுருக்கத்தை மறுபடி பார்த்தேன். டார்லிங்கின் கோலுக்கு முன்பு, நாங்கள் 1-0 என்று இருந்தபோது, ஸ்வான்சிக்கு ஒரு பெனால்டி. ஜோஷ் டைமன் உதைக்கிறார். நீ தடுக்கிறாய்.

இதை நான் அன்றிரவு நேரலையில் பார்த்தவன். நிச்சயம் எழுந்து நின்று கத்தியிருப்பேன். ஆனால் என் நினைவில் அது இல்லவே இல்லை. 96-வது நிமிடம் அதை முழுங்கிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டேன். 'அப்படி நடந்திருந்தால்' என்கிற கணக்கெல்லாம் கால்பந்தில் செல்லாது என்று தெரியும், இருந்தாலும் போட்டேன். அந்தப் பெனால்டி உள்ளே போய், மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் ஆட்டம் 3-2, எங்களுக்குப் பூஜ்யம். நீ தடுத்ததால் ஒரு புள்ளி. அந்த ஒன்று இல்லாமல் நாங்கள் 99, பேர்ன்லி 100. கோல் வித்தியாசம் என்ற பேச்சே எழுந்திருக்காது. சாலமன் பிளிமத்தில் அடித்தது இரண்டாவது இடத்துக்கான கோலாக முடிந்திருக்கும். நான் உன்னைத் தொலைத்துக்கட்டச் சொன்ன அதே இரவில், அதே கைகளால் நீ கோப்பையை எடுத்து வைத்திருக்கிறாய். நீ நின்ற 39 ஆட்டங்களில் வந்த 81 புள்ளிகளில் அது ஒன்று.

குழுவில் அன்று நான் எழுதியது இன்னும் அப்படியே இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை, அழித்தால் எழுதவில்லை என்று ஆகிவிடும். அதற்குப் பதில் அந்தச் செய்தியின் கீழேயே டைமன் பெனால்டியின் வீடியோவைப் போட்டேன். எதுவும் எழுதவில்லை. பதினாறு பேரும் பார்த்ததாக நீல டிக் விழுந்தது.

ஒருவன் மட்டும் கேட்டான்: "சூப்பர் சேவ்டா, இது எந்த மேட்ச்?"

அன்புடன்,
ஒரு லீட்ஸ்காரன்