கொழும்புக் கடை முதலாளிமாருக்கு: விற்ற பிறகாவது சில்லைச் சாகடியுங்கள்

மதிப்புக்குரிய முதலாளிமாரே,

லேபிளுக்குள் ஒளிந்திருந்து ரேடியோ அலையில் தன் இலக்கத்தைச் சொல்லும் ஆர்எஃப்ஐடி சில்லைப் பற்றி, அந்தக் குட்டி மைக்ரோசிப்பைப் பற்றி, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. காசு கொடுத்து வாங்கி ஒட்டுபவர்கள் நீங்கள்தானே.

போன சனிக்கிழமை அம்மாவோடு காலி வீதியில் ஒரு கடைக்குப் போனேன். ஒன்றும் வாங்கவில்லை. வெளியே வரும்போது வாசல் கருவி கத்தியது. கைப்பையை மேசையில் கொட்டச் சொன்னார்கள். பிரஷர் மாத்திரை, விபூதிப் பொட்டலம், கசங்கிய பஸ் டிக்கெட். அம்மா ஒன்றும் பேசாமல் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். யாரும் அதைக் கேட்கவில்லை. சோதனைச் சாவடிக் காலத்தைக் கொழும்பில் கழித்த தமிழருக்குக் கை தானாகவே அதற்குத்தான் போகும்.

வெறும் பையும் கத்தியது. உள்துணித் தையலில் ஒரு வெள்ளை லேபிள். வெளிச்சத்தில் பிடித்தால் கோலம் போல வெள்ளிக் கம்பி. அதே கடையில் போன மாதம் வாங்கிய பைதான். ‘சொறி அம்மா’ என்றார் செக்குரிட்டித் தம்பி. அவர்மேல் பிழையில்லை.

பார்கோட் ‘இது இன்ன ரகப் பை’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். இந்தச் சில்லு ஒவ்வொரு பைக்கும் தனி இலக்கம் வைத்திருக்கிறது. சில மீற்றர் தள்ளி நின்று அதை வாசிக்கும் எந்த ரீடர் கருவி கேட்டாலும், யார் கேட்பது என்று பாராமல் ஒப்புவிக்கும். பற்றரி இல்லை, தீர்ந்தும் போகாது. புள்ளி சேர்க்கவென்று அம்மாவின் போன் இலக்கத்தையும் வாங்கினீர்கள். இரண்டையும் சேர்த்தால் வாசலில் கால் வைக்கும்போதே ஆள் யார் என்று தெரியும். செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை, செய்யலாம் என்கிறேன். 2022இன் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நீங்களும் படித்திருப்பீர்கள்.

சில்லைச் சாகடிக்கும், அதாவது நிரந்தரமாக வாயடைக்கும், கட்டளை இந்தச் சில்லுகளுக்கென்று 2004இல் வந்த ஜென்2 என்ற தொழில்நுட்பத் தரத்திலேயே இருக்கிறது. 32 பிட் கடவுச்சொல் ஒன்றைப் பதிந்து வைக்க வேண்டும்; பூச்சியமாக விட்டால் கட்டளை எடுபடாது. அது சிரமம் என்றால் கத்தரிக்கோல் போதும்.

‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது’ என்று மூன்று மொழியிலும் எழுதி வைக்கிறீர்கள், தமிழில் மட்டும் எழுத்துப் பிழையோடு. சரி, பொருள் எங்களுடையது. அதற்குள் இருக்கும் சில்லு மட்டும் ஏன் இன்னும் உங்களுடையது?

கோபத்தில் எழுத்துப் பிழை வரைக்கும் போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: பில் போட்ட கையோடு சில்லையும் சாகடித்துக் கொடுங்கள், தயவுசெய்து.

லேபிளை நான் வெட்டி எறிந்துவிட்டேன். ஆனாலும் பை அலுமாரிக்கு மேலேயே கிடக்கிறது. அம்மா தொடமாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்