வரவேற்பறையோடு நின்றுவிடும் தொலைநோக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரி சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் பல நிறுவனங்களின் வரவேற்பறையில், எதிர்காலத்தில் எதை அடைய நினைக்கிறோம் என்று சொல்லும் தொலைநோக்கு வாசகம் (விஷன் ஸ்டேட்மென்ட்) ஆங்கிலத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். ‘உலகத்தரம்’, ‘முதலிடம்’ இரண்டும் தவறாது. பெயரை மாற்றினால் பக்கத்து ஆலைக்கும் பொருந்தும். இரவு ஷிப்ட் ஆபரேட்டருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

சிக்கலான நேரத்தில் எந்தப் பக்கம் போவது என்பதைத் தொலைநோக்கு காட்ட வேண்டும். ஸ்ரீ அரவிந்தரிடம் ஈடுபாடு கொண்ட டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. இன்று நம் புதுச்சேரி தவளக்குப்பத்திலும் இருக்கிறது. தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதே குறிக்கோள். கண்புரை அறுவையில் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைக்கு எட்டவில்லை. வசதியுள்ளவர்களுக்கு மட்டும் வைத்துவிட்டு இருந்திருக்கலாம். குறிக்கோள் அதற்கு இடம் தரவில்லை. 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே தயாரித்தார்கள்.

முதலாளியும் ஆலோசகரும் ஓட்டல் அறையில் ஒரே நாளில் எழுதி முடிக்கிற வேலையல்ல தொலைநோக்கு வாசகம். புகார்ப் பதிவேட்டையும் திரும்பி வந்த சரக்குக் கணக்கையும் எடுத்துக்கொண்டு பராமரிப்பு, டெஸ்பாட்ச் ஆட்களோடு உட்கார வேண்டும். யாருக்கு, என்ன மாற்றம், எந்த ஆண்டுக்குள் என்பது வாசகத்தில் வர வேண்டும். எதைச் செய்யமாட்டோம் என்பதையும் முடிவு செய்ய வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ‘எங்கள் பம்ப் வாங்கிய விவசாயி 2029-க்குப் பிறகு பழுதுக்காக ஒரு நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது’ என்று எழுதினால், எந்த உதிரிபாகத்தைக் கையிருப்பில் வைப்பது என்று ஸ்டோர் கீப்பருக்கே விளங்கிவிடும்.

தொலைநோக்கை ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிப் புரியவைத்து ஆர்வமூட்ட முடியாவிட்டால் வேலை முடியவில்லை என்பது ஹார்வர்டு பேராசிரியர் ஜான் காட்டரின் கணக்கு. ஆண்டு விழாவில் ஒருமுறை பேசினால் காணாது. ஷிப்ட் மாறும்போது, அந்த வாரம் நடந்த ஒரு விஷயத்தோடு சேர்த்து சூப்பர்வைசர் சொல்லட்டும். அவருக்கே நம்பிக்கை இல்லையென்றால் கீழே எதுவும் இறங்காது. ஆகவே முதலில் அவரோடு பேசுங்கள். ஒரு மாதம் கழித்து கேன்டீனில் ஒப்பந்தத் தொழிலாளியிடம் கேளுங்கள். தன் பேச்சில் சொன்னால் சரி. ஒப்பித்தால் போய்ச் சேரவில்லை.

மாதக் கடைசி டார்கெட்டுக்காக, சோதனையில் தேறாத பம்பை லாரியில் ஏற்றச் சொன்னால் பேசியதெல்லாம் அன்றோடு போச்சு. வாசகம் எழுதும்போதே, அந்த லாரியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதையும் எழுதிவைப்பது நல்லது.

– வாசகர் ஒருவர், கடலூர் முதுநகர்