‘பொத்’ என்று கேட்டால் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் கடற்கரையில் சட்டப்படி துப்பாக்கியைக் கையாள்பவர்கள் குறைவுதான். வங்கிக் காவலாளிகள், பண வண்டிக்குத் துணை போகிறவர்கள், முன்னாள் படைவீரர்கள், சில விவசாயிகள், பயிற்சிக்கு வரும் என்.சி.சி. மாணவர்கள் என்று எண்ணிவிடலாம். ஆனால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இவர்களுடைய துப்பாக்கியும் தோட்டாவும் ஆண்டு முழுக்க உப்புக்காற்றில்தான் கிடக்கின்றன. வாடைக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேரும்போது ஈரம் ஏறிய தோட்டா சரியாக வெடிக்காமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது பலருக்குச் சொல்லித் தரப்படவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

விசையை இழுத்தும் சரியாக வெடிக்கவில்லை என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். தோட்டா வெடிக்கவேயில்லை, அல்லது தோட்டாவின் அடியில் ஊசி அடிக்கும் கேப்பில் பிடித்த தீ உள்ளேயுள்ள வெடிமருந்துக்கு மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது, சற்றுப் பொறுத்து வெடிக்கும், அல்லது அரைகுறையாக வெடித்துக் குண்டைக் குழலுக்குள்ளேயே விட்டுவிட்டது. முதல் இரண்டையும் அந்தக் கணத்தில் பிரித்தறிய வழியில்லை. இக்காலத் தோட்டாக்களில் தாமதம் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஆனாலும் ஈரம் பட்ட பழைய தோட்டாவை நம்ப முடியாது. ஆகவே ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்டால், விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, முனையை ஆளில்லாத திசையிலேயே வைத்து, குறைந்தது 30 விநாடி காத்திருக்க வேண்டும். உடனே துப்பாக்கியைத் திறப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. தோட்டா அமரும் எஃகு அறைக்குள் வெடித்தால் அழுத்தம் முன்பக்கமாகப் போகும். திறந்த பிறகு வெடித்தால் தோட்டா உறை கிழிந்து, அதன் சில்லுகள் திறந்தவரின் முகத்துக்கே வரும். முனை வழியே மருந்தை இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கிக்கு 30 விநாடி போதாது, இரண்டு நிமிடமாவது வேண்டும்.

மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றுவது. சத்தம் வருகிறது, ஆனால் ‘டமார்’ என்று வராமல் ‘பொத்’ என்று வரும். தோளில் உதை தெரியாது. திறந்தால் புகையும் எரியாத மருந்துத் துகளும் கிடக்கும். ரவைகளைச் சிதறச் சுடும் 12 போர் துப்பாக்கியில் (‘போர்’ என்பது குழல் அளவு) ரவைகள் வெளியே போயிருக்கலாம், அல்லது முனையிலிருந்து சில அடி தூரத்தில் சிதறிக் கிடக்கலாம். ஆனால் ரவைக்கும் மருந்துக்கும் நடுவிலுள்ள அடைப்பான் குழலுக்குள் தங்கியிருக்கும். லேசான பிளாஸ்டிக் துண்டுதானே என்று நினைத்து அடுத்த தோட்டாவைப் போட்டு ‘தள்ளிவிடப்’ பார்ப்பார்கள். இதை மட்டும் செய்யவே கூடாது.

காரணம் இதுதான். சாதாரண 12 போர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு அனுமதிக்கும் உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 30 பவுண்டு. இந்த அழுத்தம் அறைப் பக்கத்தில் உச்சத்தில் இருந்து, ரவை முன்னே ஓட ஓடக் குறையும். குழலையும் அதற்கேற்பப் பின்னே தடித்தும் முன்னே மெலிந்தும் செய்திருக்கிறார்கள். முன்பகுதியில் சுவர் 1 மி.மீ.க்கும் குறைவாக உள்ள துப்பாக்கிகள் உண்டு. வேகமாக வரும் ரவைத் திரள் நடுவழியில் தடைபட்டால், மெலிந்த அந்த இடத்தில் அழுத்தம் திடீரென்று ஏறுகிறது. குழல் வளையமாக உப்பும், இல்லையேல் கிழியும். பல நேரம் அது கிழியும் இடம், தாங்கிப் பிடித்த இடது கை இருக்கும் இடம்.

இரட்டைக் குழல் வைத்திருக்கும் காவலாளிக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. வலது குழல் ‘பொத்’ என்றால் இடது குழலில் இன்னும் உயிருள்ள தோட்டா இருக்கிறது. 30 விநாடி கழித்துத் திறந்து, இரண்டையும் எடுத்துத் தூர வைத்த பிறகே குழலைச் சோதிக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து வானத்தைப் பார்த்தால் முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். முனைப் பக்கம் கண் போகவே கூடாது. இன்னொன்று, அளவில் சிறிய 20 போர் தோட்டா ஒன்று 12 போர் துப்பாக்கிக்குள் தவறி விழுந்தால் அது அறையைத் தாண்டிச் சறுக்கி, குழல் குறுகும் இடத்தில் நின்றுகொள்ளும். வெறும் அறை என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் உறைக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதே இதற்காகத்தான். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரே பையில் போடாதீர்கள்.

என்.சி.சி. பயிற்சியில் வரும் .22 ரைபிளில் சிக்கல் வேறு மாதிரி. அந்தத் தோட்டாவில் கேப்பு தனியாகக் கிடையாது. தீப்பிடிக்கும் கலவை விளிம்புக்குள் சுற்றிவரப் பூசப்பட்டிருக்கும். பூச்சு ஓரிடத்தில் விட்டிருந்து, ஊசி அங்கே அடித்தால் சுடாது. உள்ளே மருந்து இல்லாமல் போனாலும் அந்தக் கலவை மட்டுமே இரண்டரை கிராம் ஈயக் குண்டைக் குழலுக்குள் சில அங்குலம் தள்ளிவிடும். வரிசையாகப் படுத்துச் சுடும்போது பக்கத்து ரைபிளின் சத்தத்தில் தன்னுடைய ‘பொத்’ மாணவனுக்குக் கேட்காது. எனவே பயிற்றுநரின் கண் இலக்கு அட்டையில் இருக்க வேண்டும். துளை ஒன்று குறைந்தால் உடனே வரிசை முழுவதையும் நிறுத்தி, 30 விநாடி பொறுத்து, அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றிக் குழலைப் பார்க்க வேண்டும். சுடாத தோட்டாவின் விளிம்பையும் கவனியுங்கள். தழும்பு ஆழமாக இருந்தால் தோட்டா பழுது. மேலோட்டமாக இருந்தால் ஊசியோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கிறது, அல்லது பிசுபிசுத்த எண்ணெயில் மாட்டியிருக்கிறது.

சிக்கிய குண்டை எடுப்பது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை. வீட்டிலோ முகாமிலோ இரும்புக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், சூடேற்றவும் வேண்டாம். கூர்மையான கம்பி ஈயத்தைப் பிளந்து விரிக்கும், அது இன்னும் இறுகும்; குழலின் உட்சுவரில் வெட்டிய புரிகளும் கெடும். பழுதுபார்ப்பவர் முதலில் அறை காலி என்று உறுதி செய்வார். பிறகு சில சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்து, குழல் அகலத்துக்குச் சற்றே குறைவான, நுனி தட்டையான பித்தளைக் கம்பியால் லேசாகத் தட்டித் தள்ளுவார். .22-க்கு என்றால் 5 மி.மீ. கம்பி. எடுத்ததோடு முடியவில்லை. இறுக்கமான துணியைக் குழல் வழியே மெல்ல இழுக்கும்போது ஓரிடத்தில் பிடி திடீரென்று தளர்ந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது. வெளிச்சத்தில் பார்த்தால் அது கருத்த வளையமாகத் தெரியும். அந்தக் குழலில் பிறகு ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது.

இனி நம் ஊர்ப் பழக்கங்கள். தோல் பெல்ட்டில் மாதக்கணக்கில் செருகி வைத்த தோட்டாவின் பித்தளை அடியில் பச்சைக் களிம்பு பூக்கும். தோல் பதனிடும் பொருளும் வியர்வையும் உப்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. பெல்ட் பணி நேரத்துக்கு மட்டும். மற்ற நேரம் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். துப்பாக்கிக்குச் சமையல் எண்ணெய் பூசாதீர்கள். துப்பாக்கி எண்ணெயையும் தோட்டா மேல் தடவாதீர்கள், கேப்பு ஓரமாக உள்ளே கசிந்து தீயை அணைத்துவிடும். காகித உறைத் தோட்டா ஈரத்தில் உப்பியிருந்தால் அறைக்குள் திணிக்க வேண்டாம்.

தேர்தல் நேரத்தில் ஒப்படைத்த துப்பாக்கி மாதக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்புகிறது. 12 போர் குழலின் உள்ளகலம் 18.5 மி.மீ.; மண்குளவிக்கு வாகான பொந்து. கூடு கட்டியிருந்தால் அதுவும் குழல் அடைப்புதான். குளவிக்குப் பயந்து முனையில் துணியைச் செருகுவோர் அதில் ஒரு முழ நீளச் சிவப்பு நாடாவைக் கட்டித் தொங்கவிடட்டும், எடுக்க மறக்காது. திரும்ப வாங்கும்போது காவல் நிலையத்திலேயே திறந்து, குழலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் துருவேறிய தோட்டாக்கள் வெளிவந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். துருப்பிடித்தது செத்துவிட்டது என்று பொருளில்லை. கடலோரத்தில் எங்கே கிடந்தாலும் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

2016 ஆயுத விதிகள் புதிதாக உரிமம் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. அதற்கு முன்பே உரிமம் பெற்றவர்களும் காவல் பணியில் இருக்கிறார்கள். வங்கிகளும் காவலாளி நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மழைக்கு முன்பு இவர்களைச் சுடுதளத்துக்கு அழைத்துச் சென்று, சுடாத தோட்டாவைக் கையாளும் முறையைச் செய்துகாட்ட வேண்டும். தோட்டாவைக் கொடுத்த தேதி பதிவேட்டில் இருக்க வேண்டும். கிளைக்குள் ஆள் நடமாட்டமில்லாத ஒரு மூலையில் மணல் மூட்டை அடுக்கி, துப்பாக்கியைத் திறப்பதும் மூடுவதும் அதை நோக்கி மட்டுமே என்று வைக்கலாம். பளிங்குத் தரையை நோக்கித் திறப்பது ஆபத்து.

சுடாத தோட்டாவை என்ன செய்வது என்று தெரியாமல் மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிறார்கள், சிலர் கடலில் எறிகிறார்கள். தேர்தலுக்குத் துப்பாக்கிகளைப் பெறும் அதே நாட்களில், பழுதான தோட்டாக்களையும் காவல் நிலையங்கள் வாங்கிக்கொண்டு, உரிமப் புத்தகக் கணக்கில் கழித்துத் தர மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்),
உச்சிப்புளி.