பரிசுச் சீட்டு கேட்டவளிடம் கடன் விற்காதீர்கள்

தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஹட்டனிலிருந்து எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம் இங்கே டவுனில் பெரிய கடை எதற்குள் நுழைந்தாலும் வாசலோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். இத்தனை ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் ஒரு கூப்பன், குலுக்கலில் விழுந்தால் மோட்டார் சைக்கிள். பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், முகவரி எல்லாம் நிரப்ப வேண்டும். முகவரி என்றால் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான். தீபாவளி முற்பணத்தோடு வந்த பெண்கள் பிள்ளையின் முதுகில் கூப்பனை வைத்து எழுதுவார்கள். எழுதத் தயங்கினால் கவுண்டர் பையனே வாங்கி நிரப்பிவிடுவான். கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி ஆங்கிலம் இருக்கும். அதுதான் "சம்மதம்".

இதில் கைமாறுவது என்ன? பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 85620 என்று தொடங்கினால் அவள் 1985 ஏப்ரல் கடைசியில் பிறந்த பெண். தோட்டத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டால் அவள் என்ன மொழி பேசுவாள், என்ன வேலை செய்கிறாள், எந்தத் தேதியில் கையில் காசு புழங்கும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இவ்வளவையும் ஒரு மோட்டார் சைக்கிள் ஆசைக்குக் கொடுத்துவிட்டு அவள் பஸ் ஏறிவிடுகிறாள்.

நாம் பேசுவதைப் போன் ஒட்டுக்கேட்கிறது என்று எங்கள் பக்கம் பலர் நம்புகிறார்கள். பிரிட்ஜ் வாங்கலாமா என்று வீட்டில் பேசினோம், மறுநாள் பேஸ்புக்கில் பிரிட்ஜ் விளம்பரம் வந்தது என்பார்கள். அதற்கு ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லை. வாடிக்கையாளர்களின் போன் நம்பர் பட்டியலைக் கம்பெனி பேஸ்புக்கின் விளம்பரப் பகுதியில் ஏற்றினால் போதும். நம்பர்கள் குறியீடுகளாக மாறி அங்குள்ள கணக்குகளோடு பொருத்தப்படும். பொருந்தியவர்களுக்கு விளம்பரம் போகும். அடுத்த கட்டமாக, "இவர்களைப் போன்றவர்களையும் தேடிக் கொடு" என்று கேட்கலாம். அப்போது கூப்பனே நிரப்பாத பக்கத்து லயத்துக்காரியும் வலையில் விழுகிறாள். ஹட்டனைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர், இன்ன வயது, பெண்கள் மட்டும் என்று வட்டம் போடவும் வசதி உண்டு.

என் சித்தி ஒரு கடையில் தவணைக்கு பிரிட்ஜ் எடுத்தார். கடைசித் தவணையைக் கட்டிய அதே மாதம், அவர் கேள்விப்பட்டே இராத ஒரு கடன் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. "நீங்க ஒழுங்கா கட்டுற ஆள்தானே அம்மா, ஐடி கார்ட் கொப்பி மட்டும் கொடுங்க, ஐம்பதாயிரம் இன்னைக்கே தாறோம்." ஒழுங்காகக் கட்டுகிறவர் என்று அவர்களுக்கு யார் சொன்னது? கடையில் கேட்டோம், தெரியாது என்றார்கள். நுண்கடனில் சிக்கி நகையையும் நிம்மதியையும் இழந்த பெண்கள் தோட்டந்தோட்டமாக இருக்கும் ஊரில் இப்படியோர் அழைப்பைச் சாதாரண விளம்பரம் என்று விட்டுவிட முடியாது.

மலையகத்துக்கு இது பழைய கதையும்கூட. தொழிலாளி தன்னை வேலைக்குக் கூட்டிவந்த கங்காணிக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று எழுதிய துண்டு ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. கடனைத் தீர்த்த தோட்டத்துக்கு ஆள் சொந்தம். 1921இல் அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். என் பூட்டன் தன் துண்டைக் கண்ணாலாவது பார்த்திருப்பார். சித்தியோ தன் பெயரில் சுற்றும் துண்டைப் பார்த்ததே இல்லை.

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொட்டகலையில் வீட்டிலிருந்து கேக் செய்து விற்கும் பெண்ணுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் டிக்டொக்கும்தான் கடை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கியப் பகுதிகள் தள்ளிப்போயின. அந்த வருடமே சட்டத்தைத் திருத்தவும் செய்தார்கள். தனியுரிமை மீறலுக்காக அமெரிக்காவில் 2019இல் பேஸ்புக்குக்கு விதித்த அபராதம் 500 கோடி டொலர். நமது சட்டத்தில் ஒரு மீறலுக்கு உச்சத் தொகை ஒரு கோடி ரூபாய். அது போதாது என்று சண்டை பிடிக்க நான் வரவில்லை. ஹட்டன் கடைக்காரரைப் பயமுறுத்த ஒரு கோடி தாராளம், யாராவது ஒரு முறை விதித்துக் காட்டினால்.

குலுக்கலுக்குத் தரும் விவரம் குலுக்கலோடு முடிய வேண்டும். விளம்பரம் அனுப்பவோ மற்றவருக்குக் கொடுக்கவோ சம்மதம் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டம் இருக்கட்டும், தமிழிலும் சிங்களத்திலும், கண்ணாடி போடாமல் வாசிக்கக்கூடிய எழுத்தில். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டவளுக்கும் கூப்பன் உண்டு என்று எழுதியிருக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தைப் பரிசு விழுந்த பிறகு கேட்டால் போதாதா?

விளம்பர மெசேஜை நிறுத்தும் வழியும் எங்களுக்குத் தெரியவில்லை. கம்பெனியின் பெயரில் வரும் குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பவே முடியாது. நிறுத்தும் விதத்தைச் சொன்னாலும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்பதை நீங்கள்தான் அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். முறைப்பாடு சொல்ல, தமிழ் பேசும் ஒருவர் எடுக்கும் தொலைபேசி இலக்கம் ஒன்றை அறிவியுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அது இயங்க வேண்டும், மற்ற நாட்களில் பெண்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த இலக்கத்தை, காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பிரட்டுக்களங்களில் ஒட்டுவதற்குத் தோட்ட நிர்வாகங்களிடம் பேசும் பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்டால் நடக்காது.

இப்படிக்கு,
ஹட்டன் நுகர்வோர் ஒருவர்