வீட்டைப் புதுப்பிக்கும் முன்: எந்த வேலைக்கு முதலில் பணம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் பிறந்தாலே, வீடு புதுப்பிக்கும் வேலை செய்யும் எங்கள் கோலாலம்பூர் செந்தூல் கடைத் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. "தீபாவளிக்குள்ள முடிச்சுக் கொடுத்திடுங்க" என்பார்கள். அடுப்படி, குளியலறை, சீலிங், வாசலுக்கு டைல்ஸ், அப்புறம் பெயிண்ட் என்று பட்டியல் நீளும். கையில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும், "நீங்க முதல்ல விலை சொல்லுங்க" என்று பதில் வரும். தொகையைச் சொன்னால் அத்தனையையும் கறந்துவிடுவோம் என்ற பயம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் தொகை தெரியாமல் கொடுக்கும் விலை வெறும் குத்துமதிப்புதான்.

இந்தப் பக்கம் நாங்கள் பார்க்கும், வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிய டெரஸ் வீடுகளில் பல, எழுபது எண்பதுகளில் கட்டியவை. கூரைச் சட்டம், ஒயர், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் அதே வயது. அந்தக் காலத்து இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்து அடைத்துக்கொள்ளும். காலையில் குழாயைத் திறந்ததும் பழுப்புத் தண்ணீர் வந்தால் அதுதான் காரணமாக இருக்கும். கூரை மரத்தில் கரையான் இருந்தாலும் கீழே இருந்து பார்த்தால் தெரியாது. இதையெல்லாம் விட்டுவிட்டு புதுச் சீலிங் போட்டால், அடுத்த வருடம் அதையே உடைத்துத்தான் ஒயரை மாற்ற வேண்டிவரும். ஒரே வேலைக்கு இரண்டு தடவை கூலி.

அதனால் எங்கள் வரிசை இதுதான்: கூரையும் தண்ணீர்க் குழாயும் முதலில், மின்சாரம் அடுத்து, குளியலறை அதற்கடுத்து. அலமாரி, விளக்கு, பெயிண்ட் எல்லாம் மிச்சப் பணத்தில்.

மின்சார வேலையில் மட்டும் பேரம் வேண்டாம். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே டிரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வேண்டும் என்று 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் சொல்கின்றன. பழைய வீடுகளில் சுடுநீர்க் கருவி புதிதாக இருக்கும். ஆனால் இந்தப் பாதுகாப்புக் கருவி இருக்காது.

குளியலறையை மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம் வீட்டுப் பெரியவர்கள். பழைய டெரஸ் வீட்டில் குளியலறை பின்பக்கம், ஒரு படி இறங்கிப் போக வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை வேறு. அறுபது தாண்டிய அம்மாவோ அப்பாவோ இருந்தால், ஹாலுக்குப் பளபளக்கும் டைல்ஸ் போடுவதைத் தள்ளிவைத்துவிட்டு, வழுக்காத டைல்ஸ், சுவரில் பிடிமானக் கம்பி, உட்காரும் கழிப்பறை மூன்றையும் செய்துவிடுங்கள். மாடியில் குளியலறை என்றால் நீர்க்காப்புப் பூச்சு பூசி, குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட விடுங்கள். அவசரப்படுத்தும் குத்தகைக்காரர் இந்த ஒரு நாளைத்தான் முதலில் விழுங்குவார்.

சரி, பணக்கணக்கு. கையில் 40,000 வெள்ளி (ரிங்கிட்) இருந்தால் 34,000 வெள்ளிக்கு மட்டும் வேலை பேசுங்கள். 15 விழுக்காடு அப்படியே இருக்கட்டும். பழைய தரையைப் பெயர்க்கும்வரை அடியில் என்ன இருக்கிறதென்று எங்களுக்கும் தெரியாது. இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்கும்போது, உடைத்த குப்பையை ஏற்றும் ரோரோ தொட்டிக்கும் (லோரி வந்து இறக்கிவிட்டுத் திரும்பத் தூக்கிப் போகும் பெரிய இரும்புத் தொட்டி) லோரிக்கும் சேர்த்துத்தானா என்று கேளுங்கள். மலிவாகத் தெரியும் விலையில் அது பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும். பின்பக்க அடுப்படியை நீட்டுவதாக இருந்தால் கோலாலம்பூர் மாநகராட்சியான டிபிகேஎல் அனுமதி வேண்டும். சிலாங்கூர்ப் பக்கம் என்றால் அந்தந்த நகராண்மைக் கழகம். வரைபடச் செலவையும் கணக்கில் சேருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் முன்னாலேயே பேசிவிடுங்கள். சுவர் அவருக்கும் சொந்தம்.

ஊழியர் சேமநிதியின் மூன்றாவது கணக்கில் இருந்து எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். 2024 மே மாதம் வந்த அந்தக் கணக்கில் இருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்தான். ஒழுகும் கூரைக்கு எடுங்கள். அடுப்படி அலமாரிக்கு என்றால் ஒரு வருடம் பொறுத்துச் சேர்த்துச் செய்யலாமே என்பது எங்கள் எண்ணம். அலமாரி விற்கும் நாங்களே சொல்கிறோம்.

எங்களிடம் உட்பட யாரிடமும் முழுப்பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். வேலை முடிய முடியக் கொடுத்து, கடைசி 10 விழுக்காட்டை எல்லாக் குழாயையும் சுவிட்சையும் சோதித்த பிறகு கொடுங்கள்.

மறுபடியும் தீபாவளிக்கு வருவோம். அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூரில் மழை கொட்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. புதிதாகப் பூசிய சுவர் காய ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அந்த ஈரத்தில் பெயிண்ட் அடித்தால் பொங்கலுக்குள் உரியும். ஆகவே செப்டம்பருக்குப் பிறகு கூரை, சுவர் உடைக்கும் வேலை எதையும் நாங்கள் ஏற்பதில்லை. பெயிண்ட், விளக்கு, சின்னப் பழுது மட்டும்தான். பெரிய வேலைக்கு, மழை குறைந்திருக்கும் ஜூன், ஜூலை மாதங்கள் நல்லவை. சீனப் புத்தாண்டில் டைல்ஸ் கடைகள் அடைத்திருக்கும், நோன்புப் பெருநாளுக்கு வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வாரங்களையும் கழித்துக் கணக்கிடுங்கள்.

வீட்டை வந்து பார்க்க நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை. நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் கூப்பிடுங்கள். ஒழுகும் இடம் அப்போதுதான் சரியாகத் தெரியும்.

அன்புடன்,
செந்தூல் கடையினர்