ஒஸ்லோவிலிருந்து அப்பாவுக்கு: பற்றரிக் காரில் தங்கச்சி வீடு வரை

ஒஸ்லோ,
மார்ச் மாதக் கடைசி

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோவு இப்போது எப்படி? எண்ணெய் பூசுவதை விடாமல் செய்யச் சொல்லுங்கள்.

போன கிழமை தொலைபேசியில் புதுக் கார் வாங்கிய கதையைச் சொன்னபோது அப்பா ஒரு கேள்வி கேட்டீர்கள். "பற்றரியில் ஓடுற கார் எண்டால் தங்கச்சி வீடு மட்டும் எப்படிப் போவாய்? நடுவழியில் முடிஞ்சால் என்ன செய்வாய்?" பதில் சொல்லத் தொடங்குவதற்குள் பிள்ளைகள் போனை வாங்கிவிட்டார்கள். யூலையில் நீங்கள் இரண்டு பேரும் வரும்போது இந்தக் காரில்தான் துரொண்ட்ஹெய்மில் உள்ள தங்கச்சி வீட்டுக்குப் போகப்போகிறோம். ஆனபடியால் ஒன்றையும் மறைக்காமல் விபரமாகவே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் இத்தனை வருடம் வான் ஓடிய உங்களுக்கு இது உடனே பிடிபடும்.

முதலில் ஒன்று. நான் ஏதோ பரிசோதனை செய்து பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2024இல் நோர்வேயில் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ 89 சதவீதம் முழு மின்சாரக் கார்கள். எங்கள் தொடர்மாடியின் கீழே நிற்கும் கார்களில் பெற்றோல் கார் தேடித்தான் பார்க்க வேண்டும். மின்சாரமும் பெரும்பாலும் தண்ணீரிலிருந்து வருவது. நமக்கு லக்சபான எப்படியோ, அப்படிப்பட்ட நீர்மின் நிலையங்கள் இங்கே மலைக்கு மலை இருக்கின்றன.

இனிக் கணக்குக்கு வருகிறேன். நம் வீட்டு மின்சாரப் பில்லில் ஒரு யூனிட் என்று போடுகிறார்களே, அதே யூனிட்தான் இங்கேயும் அளவு. எங்கள் காரின் பற்றரி 75 யூனிட் பிடிக்கும். கோடையில் 100 கிலோமீற்றர் ஓட 17 யூனிட் அளவில் போகும். தங்கச்சி வீடு சுமார் 500 கிலோமீற்றர். அப்படியென்றால் 85 யூனிட் வேண்டும். இரவு வீட்டுச் சுவர்ப் பெட்டியில் செருகி வைத்து விடிய நிறைந்த பற்றரியோடு புறப்பட்டால், வழியில் ஒரு தரம் நின்றால் போதும். கோடைக் கணக்கு அவ்வளவுதான்.

குளிர்காலக் கணக்கு வேறு. சூனியத்துக்குக் கீழே பத்து, பதினைந்து பாகை என்று குளிர் இறங்கும்போது அதே 100 கிலோமீற்றருக்கு 24, 25 யூனிட் போகிறது. காருக்குள் சூடு வைக்க மின்சாரம் வேண்டும், பற்றரியைச் சூடாக வைத்திருக்கவும் வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது, அதைத் தள்ளிக்கொண்டு போகக் கூடச் செலவாகும். பனி நனைந்த ரோட்டில் சக்கரமும் இலேசாக உருளாது. பெற்றோல் காரில் இயந்திரத்தின் வீண் சூட்டையே உள்ளே திருப்பி விடுவார்கள், அதனால் அந்தச் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கே எல்லாம் கண்ணாடித் திரையில் இலக்கமாகத் தெரிகிறது. இந்தக் காலத்தில் தங்கச்சி வீட்டுக்கு இரண்டு தரம் நிற்கிறோம்.

கார்க் கம்பனிகள் விளம்பரத்தில் போடும் தூரத்தை நான் பயணக் கணக்கில் சேர்ப்பதேயில்லை. இங்கே நாஃப் என்று வாகன ஓட்டிகளின் சங்கம் ஒன்று உண்டு. அவர்கள் ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பல கார்களை ஒரே நாளில் ஒரே பாதையில் விட்டு, பற்றரி முடிந்து நிற்கும்வரை ஓட்டிப் பார்க்கிறார்கள். எந்தக் கார் எவ்வளவு தூரம் போனது என்பதை எல்லோரும் பார்க்க வெளியிடுகிறார்கள். அதுவும் ஒஸ்லோவிலிருந்து வடக்கே டோவ்ர மலைப்பக்கம் போகும் பாதை, நாங்கள் தங்கச்சி வீட்டுக்குப் போகும் அதே பக்கம். கார் வாங்க முன் நான் நம்பிப் படித்தது அந்தக் குளிர்கால அட்டவணையைத்தான்.

பாதையைச் சொல்கிறேன். ஈ6 என்ற பெரிய ரோட்டில் வடக்கே போக வேண்டும். மியோசா என்ற ஏரி நீளத்துக்குக் கூடவே வரும், நோர்வேயின் மிகப் பெரிய ஏரி அது. அதன் வடக்கு முனையில் லில்லஹாமர், 1994இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். அங்கிருந்து கூட்பிரான்ஸ் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, ஆற்றோரமாக ரோட்டு. பள்ளத்தாக்கின் மேல்முனையில் டோம்போஸ். அதைத் தாண்டினால் டோவ்ர மலைமேடு. ரோட்டின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 1026 மீற்றர். பிறகு ஒப்டால் வழியாக இறங்கி இறங்கி, கடலோரத்தில் துரொண்ட்ஹெய்ம்.

இந்தப் பாதையில் தூரத்தை மட்டும் பார்த்து நிற்கும் இடத்தை முடிவு செய்யக் கூடாது. உயரம்தான் முக்கியம். ஆட்களோடும் சாமான்களோடும் இரண்டு தொன் பாரமுள்ள கார் 1000 மீற்றர் ஏற, வழக்கமான செலவுக்கு மேலே ஐந்தரை யூனிட் வேண்டும். ஆனால் இறங்கும்போது மோட்டர் தானே மின்சாரம் உண்டாக்கி, அந்த ஐந்தரையில் நல்ல பங்கைப் பற்றரிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. உச்சியிலிருந்து ஒப்டால் பக்கம் இறங்கும்போது சதவீத இலக்கம் பல கிலோமீற்றருக்கு அசையாமல் நிற்கும், சில இடத்தில் ஒன்று கூடும். அப்பா, இதை நீங்கள் முன் சீற்றில் இருந்து பார்க்க வேண்டும். பிரேக்கில் காலே வைக்காமல் ஒரு மலை இறங்கலாம்.

அதனால் மலைக்கு முன்னால் கையில் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்வேன், இறக்கத்தில் குறைவாக இருந்தாலும் பயப்பட மாட்டேன். டோம்போஸ் அதற்கென்றே அமைந்த இடம். சின்ன ஊர்தான், ஆனால் மேற்குக் கரைக்குப் போகும் ரோட்டு அங்கேதான் ஈ6இலிருந்து பிரிகிறது. எல்லாத் திசை வாகனமும் வந்து நிற்கும் சந்தி என்பதால் பல நிறுவனங்களின் சார்ஜர்கள் கிட்டக்கிட்ட இருக்கின்றன. ஏ9 ரோட்டில் போகும் வாகனமெல்லாம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போவதுபோல, இந்தப் பக்கம் போகிறவர்கள் டோம்போஸில் நிற்காமல் போவது குறைவு.

இனி நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நான் படித்ததில் மிகவும் பயன்பட்டது. பெற்றோல் செட்டுக்குப் போனால் ராங் நிறைய அடிப்போம். இங்கே வழியில் நிறைய நிரப்புவது நேர நட்டம். பற்றரி குறைவாக இருக்கும்போது சார்ஜ் வேகமாக ஏறும். பாதிக்கு மேல் வேகம் குறைந்துகொண்டே வரும், 80 சதவீதத்துக்கு மேல் ஊர்ந்துதான் ஏறும், பற்றரி பழுதாகாமல் இருக்கக் கார் தானே அப்படிக் குறைக்கிறது. 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற அரை மணித்தியாலம் என்றால், மிச்ச 20 ஏற இன்னொரு அரை மணித்தியாலம்கூடப் பிடிக்கலாம். எனவே குறைந்த சதவீதத்தோடு போய்ச் சேர்ந்து, 70, 80இல் கழற்றிக்கொண்டு புறப்படுவதுதான் கெட்டித்தனம். நீண்ட தூரம் என்றால் ஒரு தரம் ஒரு மணித்தியாலம் நிற்பதைவிட இரண்டு தரம் இருபது இருபது நிமிடம் நிற்பது நல்லது. அம்மாவின் காலுக்கும் அதுதான் நல்லது.

குளிரில் இன்னொரு விடயம் சேர்கிறது. குளிர்ந்த பற்றரி வேகமாகச் சார்ஜ் வாங்காது. காரின் வழிகாட்டியில் "இந்தச் சார்ஜருக்குப் போகிறேன்" என்று குறித்துவிட்டால், கார் போகும் வழியிலேயே பற்றரியைச் சூடாக்கத் தொடங்கிவிடும். குறிக்காமல் போனால் சார்ஜரில் பெரிய இலக்கம் எழுதியிருக்கும், காருக்குள் அதில் கால்வாசிதான் வரும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரிந்த இடமானாலும் குறித்துவிட்டே போகிறேன்.

பயணத்துக்கு முதல் நாள் இரவு, பிள்ளைகள் படுத்த பிறகு, நானும் உங்கள் மருமகளும் மேசையில் இருந்து பாதை போடுவோம். ஏ பெட்டர் ரூட்பிளானர் என்ற செயலி ஒன்று உண்டு, சுவீடனில் உருவானது. எந்தக் கார், எத்தனை பேர், வெளியே எவ்வளவு குளிர், எத்தனை சதவீதத்தோடு போய்ச் சேர விருப்பம் என்று கொடுத்தால், மேடு பள்ளம் காற்று எல்லாம் பார்த்து எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று சொல்லும். நான் சார்ஜருக்குப் போய்ச் சேரும்போது கோடையில் 10, குளிரில் 20 சதவீதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று கொடுப்பேன். செயலி சொல்வதை அப்படியே எடுக்க மாட்டேன். அது காரைப் பார்க்கிறது, நான் ஆட்களையும் பார்க்க வேண்டும். சின்னவள் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்க மாட்டாள். கழிப்பறை வேண்டும், உள்ளே உட்கார இடம் வேண்டும். அதனால் குளிரில் லில்லஹாமரிலும் டோம்போஸிலும் நிற்கிறோம். இடையில் இதைவிட வேகமான சார்ஜர் இருந்தாலும் சரி, இருட்டில் வெறும் வாகனத் தரிப்பிடத்தில் பிள்ளைகளோடு நிற்க எனக்கு விருப்பமில்லை.

அப்புறம், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டாவது இடம் ஒன்று குறித்து வைப்பேன். இதுதான் உங்கள் "நடுவழியில் முடிஞ்சால்" என்ற கேள்விக்கு உண்மையான பதில். போன மாதம் ஒரு இடத்தில் இருந்த சார்ஜர்கள் இரண்டுமே வேலை செய்யவில்லை, திரை கறுப்பாக இருந்தது. கையில் 20 சதவீதம் இருந்தது, அடுத்த இடம் பதினைந்து கிலோமீற்றர், பேசாமல் அங்கே போனோம். ஒரு இடத்தை மட்டும் நம்பி, அதுவும் ஒன்றிரண்டு சார்ஜர் உள்ள இடத்தை நம்பிக் கடைசிச் சதவீதத்தில் போகிறவர்களுக்குத்தான் தலையிடி. பத்துப் பன்னிரண்டு நிற்கும் இடமாகப் பார்த்துப் போனால் ஒன்றாவது வேலை செய்யும். எது காலியாக இருக்கிறது என்பதையும் போனிலேயே பார்க்கலாம்.

காசு கட்டுவதுதான் இன்னும் சிக்கல். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு செயலி. 2023 நடுப்பகுதிக்குப் பிறகு வைக்கும் புதிய விரைவுச் சார்ஜர்களில் வங்கி அட்டையாலும் கட்ட வசதி இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, அது பெரிய உதவி. மின்கார்ச் சங்கத்தில் சேர்ந்து அவர்கள் தரும் சின்ன வில்லை ஒன்றையும் திறப்புக் கோர்வையில் போட்டிருக்கிறேன். அதைக் காட்டினால் பல நிறுவனச் சார்ஜர்கள் திறக்கும். ரோட்டோரச் சார்ஜரில் ஒரு யூனிட்டுக்கு வீட்டைவிட இரண்டு மூன்று மடங்கு காசு, அதையும் சொல்ல வேண்டும். வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லாதவர்களுக்கு இந்தக் கார் இலாபம் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே புதிதாக வந்து வாடகை வீட்டில் இருக்கும் நம் ஆட்கள் கேட்கும்போதும் அப்படியேதான் சொல்கிறேன்.

உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு நாடே மலைக்குப் போகும். அன்று பின்னேரம் எந்தச் சார்ஜரிலும் வரிசை. நாங்கள் அந்த நாட்களில் விடிய ஐந்து மணிக்கே புறப்பட முடிவு செய்திருக்கிறோம்.

அம்மா பயப்படக்கூடிய ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பனிப்புயல் அடித்தால் மலை ரோட்டை மூடுவார்கள், அல்லது பனி தள்ளும் வாகனத்தின் பின்னால் வரிசையாக விடுவார்கள். அதற்காகக் காத்து நிற்கும்போது பற்றரி இறங்கிவிடாதா? இறங்கும், ஆனால் மெதுவாக. நின்ற காரில் சூடு மட்டும் வைத்திருக்க மணித்தியாலத்துக்கு ஒன்று, கூடினால் இரண்டு யூனிட் போகும். 30 யூனிட் இருந்தால் ஒரு இரவே தாங்கும். அதனால்தான் மலைக்கு முன் டோம்போஸில் ஒன்றுக்கு மேல் காரணத்தோடு கூடுதலாக ஏற்றுகிறேன். போர்வையும் சுடுதண்ணீர்ப் போத்தலும் குளிர்காலம் முழுவதும் காரிலேயே கிடக்கின்றன. யூலையில் இதெல்லாம் இல்லை, இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

90களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர் நீங்கள். ஸ்ரார்ட் பண்ண மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு, போத்தல் போத்தலாக அளந்து, எந்தச் சந்தியில் என்ன கிடைக்கும் என்று கேட்டு ஓடினீர்கள். என் பிள்ளைகள் அந்தக் கதையை உங்கள் வாயால் கேட்க வேண்டும். டோம்போஸில் சார்ஜ் ஏறும் அரை மணித்தியாலம் அதற்கு வசதியான நேரம். பெரியவன் ஏற்கெனவே கேள்விகள் எழுதி வைத்திருக்கிறான்.

யூலைப் பயணத்துக்கு இப்படி நினைத்திருக்கிறேன். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு, லில்லஹாமரில் தேத்தண்ணீருக்கு மட்டும் நிற்பது. சார்ஜ் தேவையில்லை, ஆனாலும் காலாற நடக்கலாம். வழியில் ரிங்கபூவில் பழைய மரத் தேவாலயம் ஒன்று இருக்கிறது, பல நூற்றாண்டு பழையது, அதைப் பார்க்கலாம். மத்தியானம் டோம்போஸ். புட்டும் சம்பலும் உங்கள் மருமகள் கட்டி எடுப்பாள், அங்கே சாப்பிட்டு முடிய கார் தயாராக இருக்கும். பின்னேரத்துக்குள் தங்கச்சி வீடு. மச்சானும் வீட்டுச் சுவரில் சார்ஜர் பூட்டியிருக்கிறார், திரும்பி வர அங்கேயே இரவில் நிரப்பிக்கொள்வோம்.

அம்மாவால் இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து இருக்க முடியுமா, இல்லை ஒன்றரையிலேயே இறங்கி நடக்க வேண்டுமா என்று கேட்டு எழுதுங்கள். அதற்கேற்ப நிற்கும் இடங்களை மாற்றிப் போடுகிறேன். டோவ்ர மேட்டில் யூலையிலும் காற்று குளிரும், அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று கட்டாயம் வையுங்கள். மிளகாய்த்தூள் இரண்டு கிலோ போதும், தங்கச்சிக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்